இன்னொருவர் பேருக்குக் கொடுத்த குரல்

நானா,

போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது உங்கள் மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சதுரத் தகரம். முன்பு கடைகளில் பிஸ்கட்டை நிறுத்து விற்பார்களே, அந்தப் பெரிய தகரம். "வாப்பாட சாமானெல்லாம் ஒதுக்கினோம் மாமி. இதுக்கு மேல உங்கட பேரை எழுதி வச்சிருந்தாரு" என்றாள். உள்ளே வா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று கூப்பிட்டேன். நாற்பதாம் நாள் வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

மூடி இறுகிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன். ஈயம் பற்றவைக்கும்போது எழும் அந்தப் பிசின் புகை வாசனை முகத்தில் அடித்தது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த வாசனை தகரத்துக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது. அடியில் கம்ப்யூட்டரில் செருகும் இரண்டு பழைய நெகிழ்தட்டுகள், ஒரு சின்ன ரிலே, மேலே இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட பிரிண்டர் தாள், விசிறி மடிப்பாக மடித்து ரப்பர் வளையம் போட்டு. வளையம் தொட்டதும் அறுந்தது.

என் வீட்டுக்காரர் சந்தியாகு பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார். "நானா வீட்டுச் சாமானா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போஞ்சிப் பாத்திக்குப் போய்விட்டார். உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கும் அவர் வரவில்லை. பதுளை டவுனில் அரை மைல் தூரத்தில் வாழ்ந்துகொண்டு உங்கள் வீட்டு வாசலை மிதிக்காத ஒரு மனிதர் உண்டென்றால் அவர்தான். அதற்கான காரணம் அவருக்குத் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் ரேடியோ கடைக்கு நான் வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்துப் பெண், தட்டச்சு வகுப்பில் வேகத்துக்குப் பேர் வாங்கியவள், அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. உங்களுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும், அண்ணன் என்ற முறையில் நானா என்றே கூப்பிட்டேன். ரசீது தட்டத்தான் என்னைச் சேர்த்தீர்கள். ஆனால் முதல் வாரமே மேசைக்கு அடியிலிருந்து ஒரு விசைப்பலகையை எடுத்து, பழுது பார்க்க வந்திருந்த யாரோ ஒருவருடைய டிவியில் செருகி, "தங்கச்சி, இது கம்ப்யூட்டர்" என்றீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் பழுதென்று கொடுத்துவிட்டுப் போய், திரும்பி வராமலே விட்ட சாமான் அது. நீங்கள் அதை உயிர்ப்பித்துவிட்டு, வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தீர்கள்.

அப்போதுதான் கொழும்பில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த, உங்களுக்கு மருமகன் முறையான பையன் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து நாலு பக்கத்தைக் கிழித்து அனுப்பியிருந்தான். எங்கோ ஒரு ஊரில் ஒருவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தன் வீட்டு டெலிபோனில் பொருத்தி வைத்திருக்கிறானாம். யார் வேண்டுமானாலும் அதற்கு போன் எடுத்து, தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு கடிதத்தை அங்கே விட்டுவிட்டுப் போகலாமாம். இன்னொருவர் பிறகு எடுத்து அதை வாசிக்கலாமாம். ஆணியடித்துத் தாள் குத்தும் அறிவித்தல் பலகை போலத்தான், பலகை மட்டும் கம்ப்யூட்டருக்குள். அதற்கான புரோகிராமை அவனே வீட்டில் உட்கார்ந்து எழுதியிருந்தான், அதுவும் அந்தப் பக்கங்களில் அச்சாகியிருந்தது. அதை நான் ஒரு எழுத்துப் பிசகாமல் தட்டிக் கொடுத்தேன். நம் மிஷினில் ஒரு வரிகூட ஓடவில்லை, அது வேறு சாதி மிஷினுக்கு எழுதியது. "மத்தவன்ட சட்டைய வெட்டித் தைக்கிறத விட நாங்களே புதுசாத் தைப்போம்" என்றீர்கள்.

அப்படித் தொடங்கியது. ரேடியோ வரைபடங்களின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதுவீர்கள், நான் தட்டுவேன். யோசனை உங்களுடையது, வேகம் என்னுடையது, சண்டை இருவருக்கும் பொது. முழுப் புரோகிராமும் கடிதங்களும் சேர்ந்து அடங்க வேண்டிய இடம் இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக் காணாது. தமிழ் எழுத்து வேண்டும் என்று அடம்பிடித்தேன். கட்டத்தாளில் எட்டுக்கு எட்டுப் புள்ளி வைத்து எழுத்தெழுத்தாக வரைந்தேன். 'ஞ' கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது. 'ணை' கட்டத்துக்குள் அடங்கவே இல்லை. "எழுத்துக்கு இடம் குடுத்தா கடிதத்துக்கு இடமில்ல தங்கச்சி" என்றீர்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது என்று முடிவாயிற்று. நான் மூன்று நாள் உங்களோடு பேசவில்லை.

கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு பேச வைப்பது மோடம்; மணி அடித்தால் லைனை எடுக்கத் தெரியாத ஒன்று நமக்கு வாய்த்தது. பழைய ரேடியோ ஒன்றிலிருந்து ரிலேயைக் கழற்றி மணிக்கும் மோடத்துக்கும் நடுவில் நீங்களே பொருத்தினீர்கள். மணி அடித்ததும் அது 'டக்' என்று லைனைப் பிடிக்கும். பகல் சாப்பாட்டுக்கு என்ன கறி என்று கேட்க உங்கள் மனைவி எடுத்தாலும் பிடிக்கும். "உங்கட மிஷின் என்ன பாத்து விசிலடிக்கிது" என்று அவர் ஆளனுப்பியது நினைவிருக்கிறதா? அன்று நீங்கள் பகல் சாப்பாட்டுக்குப் போகவே பயந்தீர்கள்.

யாருக்காக இதெல்லாம் என்று நாம் யோசித்ததே இல்லை. ஆட்கள் தானாக வந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்தார்கள். இங்கே டவுனுக்கு வரும் தாய் தகப்பன்மார் கடைக்கு வந்து சொல்ல, நான் தட்டி வைப்பேன். தினமும் பகல் இரண்டரைக்கு உங்கள் மருமகன் கொழும்பில் தன் கடையிலிருந்த கம்ப்யூட்டரால் நம் மிஷினுக்குப் போன் எடுப்பான். அவன் கடையில் நிற்கும் பிள்ளைகள் தங்கள் கடிதத்தை வாசித்து, பதிலும் போடுவார்கள். திறந்ததும் முதல் திரையில் அறிவித்தல் வரும்: அப்புத்தளைப் பக்கம் மண்சரிவு, ரயில் பிந்தும், இன்ன தோட்டத்துக்கு பஸ் இல்லை. நீங்கள் காலையில் ரயில் நிலையத்துக்கு நடந்து போய்க் கேட்டு வந்து போடுவீர்கள்.

அதற்குப் 'பெரட்டு' என்று பேர் வைத்தது நான். எங்கள் தோட்டத்துப் பெரட்டைப் பற்றி உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "வெள்ளன பெரட்டுக்களத்துல எல்லாரும் நிப்பாங்க நானா. கணக்கப்பிள்ளை பேரு கூப்பிடுவாரு. 'இருக்கேங்க'ன்னு குரல் குடுத்தாத்தான் அன்னைக்குப் பேரு விழும், வேலையும் கூலியும் உண்டு."

நீங்கள் ஈயக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "அப்ப நம்மட மிஷினும் பேர் கூப்பிடட்டும்."

அப்படித்தான் வந்தது அது. லைன் பிடித்ததும் கடிதம் உள்ளவர்களின் பெயர்களை மிஷின் ஒவ்வொன்றாகக் கூப்பிடும். ஆள் அங்கே நின்றால் 'இருக்கேன்' என்று தட்ட வேண்டும், கடிதம் திறக்கும். இல்லாவிட்டால் அது அப்படியே காத்திருக்கும். கடவுச்சொல் வைப்போமா என்று கேட்டேன். "பெரட்டுல என்ன பூட்டு ஈக்கிது?" என்றீர்கள். "வேற ஒருத்தன் பேருக்குக் குரல் குடுத்தா என்ன செய்வாங்க?" என்றும் கேட்டீர்கள். களத்தை விட்டே துரத்துவார்கள், பிறகு அந்த ஆளைப் பார்த்து வரிசை வீட்டு லயமே சிரிக்கும் என்றேன். "அது போதும்" என்றீர்கள். ஆனாலும் ஒரு காவல் வைத்தீர்கள். யார் பேருக்குக் குரல் வந்தது, லைனிலிருந்தா கடையிலிருந்தா என்பதை ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் ஒரு வரி அடிக்கும்.

அப்புறம் அந்தக் கேதக் கடிதம். ஒரு நாள் மழையில் ஒரு தோட்டத்து ஆள் நம் கடை வாசலில் நின்று தபால் ஒன்றைப் பிரித்து வாசித்தார். வாசித்த கையோடு துண்டு துண்டாகக் கிழித்துத் தெருவோரச் சாக்கடைக் கானில் போட்டுவிட்டுத்தான் படியேறினார். என்ன கோபமோ என்று நீங்கள் பயந்தீர்கள். கோபமில்லை, சாவுச் செய்தி, அதை வாசித்ததும் கிழித்துவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது என்று சொன்னேன். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள்தான், இருந்தாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மறுநாள் புரோகிராமில் பதினொரு வரி புதிதாக இருந்தது. கேதம் என்று குறித்த கடிதம் திறந்தவுடன் தட்டிலிருந்து அழிந்துவிடும். வாசிக்கிறவர் அழுதுகொண்டு லைனை வெட்டிவிடலாம் என்பதால், முதலில் அழித்துவிட்டுத்தான் திரைக்கு வரும். பெயர் கூப்பிடும்போது அந்தக் குறியும் தெரியாது, நாலு பேர் முன்னால் அவர் பதறக் கூடாது.

"ஆக்கள்ட மனசுக்குத் தக்க மிஷின் நடக்கோணும். மிஷினுக்குத் தக்க ஆக்கள் நடக்க ஏலா." இது நீங்கள் சொன்னது. இன்றைக்கும் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் புதிதாக ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் முறையைக் கொண்டுவந்து எங்கள் தலையில் கட்டும்போது இதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இனி என் கதை. எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கு வந்த பதிலை வாசித்துக் காட்டுவது என் வேலை. அந்த வேலை எனக்கு ஒரு கெட்ட பழக்கத்தைத் தந்தது. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லூர்து என்ற பெண் வருவாள். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் இருந்த தம்பிக்குச் சொல்லி அனுப்புவாள், அவன் போடும் பதிலை நான் அவளுக்கு வாசிப்பேன். அந்தத் தம்பிதான் சந்தியாகு. முதலாளியையும், கொழும்பு வெயிலையும், தன் சொந்த மூக்கையும் கேலி செய்து எழுதுவார். வாசிக்கும்போதே எனக்குச் சிரிப்பு முட்டும். முகம் பாராமலே ஆசை வைத்துவிட்டேன். பண்டாரவளைப் பக்கம் தம்பிக்கு ஒரு பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று லூர்து ஒரு நாள் சொன்னாள். அன்று முழுக்க நான் தட்டியதெல்லாம் பிழை.

பௌர்ணமிக்கு விடும் போயா விடுமுறையும் வெள்ளிக்கிழமையும் ஒன்றாக வந்த அந்த நாள். ஊருக்குப் போக வெளிக்கிட்டவள், கடையில் விட்டுப்போன குடையை எடுக்க வந்தேன். மழை இருட்டிக்கொண்டு நின்றது. நீங்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தீர்கள். என்னிடம் சாவி இருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காத்திருக்கும் பெயர் ஒன்றே ஒன்று, சந்தியாகு. லூர்துதான் போட்டிருப்பாள், நான் இல்லாத நேரத்தில் உங்களிடம் சொல்லியிருப்பாள், பெண் விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மனம் கேட்கவில்லை, நானா. அவர் பேருக்கு நான் 'இருக்கேன்' என்று தட்டினேன்.

பிரிண்டர் கரகரவென்று ஓடியது. பதறிப் போய்ப் பார்த்தேன். ரிப்பன் தேய்ந்து போயிருந்ததால் தாள் வெள்ளையாகவே வந்தது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். தட்டின் சிவப்பு விளக்கு மினுங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. டிவித் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. ஒரு எழுத்துக்கூட நான் பார்க்கவில்லை.

கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. மிஷினை மறுபடி ஓட விட்டேன். காத்திருக்கும் பெயர் ஒன்றுமில்லை என்றது. சாதாரணக் கடிதம் அழியாது. எது அழியும் என்று அந்த டவுனில் தெரிந்தவர்கள் நாம் இரண்டே பேர். ஆனாலும் கரண்ட் போனதில் தட்டு கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் திரும்பி வர அரை மணி நேரம் இருந்தது. காத்திருந்து, "நானா, அவருக்கு என்ன கடிதம் வந்துச்சு?" என்று கேட்டிருந்தால் போதும், மறுபடி தட்டிப் போட்டிருப்பீர்கள். கேட்டால் நான் திறந்தது தெரிந்துவிடும். வெட்கம். குடையை எடுத்துக்கொண்டு ஒன்றேகால் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தபோது நீங்கள்தான் சொன்னீர்கள். சந்தியாகுவின் தகப்பன் வெள்ளிக்கிழமை காலையில் பதுளை ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். தந்தி கொடுக்கப் போனால் போயாவுக்குத் தபால் கந்தோர் பூட்டு. லூர்து நம் கடைக்கு ஓடி வந்திருக்கிறாள். நீங்களே தட்டி, கேதம் என்று குறித்து, "ரெண்டரைக்குக் கொழும்புக்குப் போயிரும். நீங்க பயப்படாம வாப்பாவக் கொண்டு போங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். செய்தி போய்ச் சேர்ந்தது என்ற நம்பிக்கையில்தான் நீங்களும் எனக்குச் சொன்னீர்கள். நான் முகத்தைத் தட்டச்சுப் பொறிக்குள் புதைத்துக்கொண்டேன். அன்றைக்காவது வாய் திறந்திருக்கலாம்.

புதன்கிழமை சந்தியாகு வந்தார். நான் அவரை முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். கையில் லூர்து யாரையோ கொண்டு எழுதித் தபாலில் போட்ட கடிதம். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி வரைக்கும் பிரேதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரே மகன் வரவில்லை. அப்பா முகத்தைப் பார்க்கக்கூட உனக்கு மனசில்லையா என்று அவள் அதில் கேட்டிருந்தாள்.

"அப்பா ஆஸ்பத்திரில இருக்காருன்னு தெரியும்ங்க" என்றார் உங்களிடம். சத்தமே போடவில்லை. "அதுனால தினம் ரெண்டரைக்குப் போய் நின்னேன். வெள்ளிக்கிழமையும் நின்னேன். என் பேரக் கூப்பிடவே இல்லீங்க."

நீங்கள் எழுந்து நின்றீர்கள். "பிழை என்ட புரோகிராம்ல மகன். மாப்புக் கேக்கிறன்."

அவர் மிஷினைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், மழைக்குள் இறங்கிப் போனார். நான் வெற்றுத்தாளில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்றே பெரட்டை நிறுத்தினீர்கள். பிழை பிடிபடும்வரை யாருடைய செய்தியும் இதில் போகாது என்றீர்கள். பிறகு இரண்டு மாதம். முழுப் புரோகிராமையும் அச்செடுத்து, வேலை முடிந்த பின்னேரங்களில் வரி வரியாகப் பென்சிலால் தொட்டுத் தொட்டு வாசித்தீர்கள். நடுநடுவே என்னைக் கூப்பிடுவீர்கள். "தங்கச்சி, இந்த இடத்துல ஏதும் நடந்திருக்குமோ?" தெரியலீங்க நானா என்பேன். "தங்கச்சி, கரண்ட் போனா இப்படி ஆகுமோ?" இருக்கலாம்ங்க என்பேன். இல்லாத பிழையை ஒரு மனிதன் தேடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அப்போது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கடைசியாக ஒரு நாள் கேட்டீர்கள். "கடையிலிருந்து யாரும் குரல் குடுத்திருப்பாங்களோ?"

"யாருங்க நானா குடுப்பா? நாம ரெண்டு பேருதானே" என்றேன்.

"ஓ. நாம ரெண்டு பேர்தான்" என்று தாளை மடித்து வைத்தீர்கள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

மறு வருடம் லூர்து என்னைப் பெண் கேட்டு வந்தாள். என் ஆசை பலித்தது, அதோடு பயமும் வீட்டுக்குள் வந்தது. சந்தியாகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அந்தக் கடை வேலையை விட்டுவிடு என்று. விட்டேன். கல்யாணத்தன்று நீங்கள் கோயில் கேட் வரைக்கும் வந்து ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து பஜாரில் எங்கே கண்டாலும் நீங்கள்தான் முதலில் "சுகமா மகன்?" என்பீர்கள். அவர் கேளாதவர் போல நடப்பார். நான் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு போவேன். எத்தனை தடவை, நானா. கைப்பேசியில் உங்கள் மௌத்துச் செய்தி வந்தபோது அவருக்கு வாசித்துக் காட்டினேன். "நீ போயிட்டு வா" என்றார்.

இப்போது இந்தத் தாள். ஞாயிற்றுக்கிழமை அடுக்களை மேசையில் வைத்து ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். மிஷின் அடித்த வரிகள்தான் எல்லாம்: யார் பேர், லைனா கடையா. மை போகப் போக மங்கி, கடைசி மடிப்புகள் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்திருந்தது. ரிப்பனில் மை இல்லாவிட்டாலும் ஊசிகள் தாளில் குத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பார்த்தீர்களா. பென்சில் கறுப்பின் நடுவில் பள்ளமான ஆங்கில எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன. சந்தியாகு. இருக்கேன். கடை.

அந்த மடிப்புக்குள் ஒரு துண்டுப் பேப்பரைச் செருகி வைத்திருந்தீர்கள். லூர்து கடிதம் கொடுத்த திகதியும், அதற்கு அடுத்த புதன்கிழமைத் திகதியும் உங்கள் கையெழுத்தில். அவர் வந்து போன அன்றே தேய்த்துப் பார்த்துவிட்டீர்கள். அப்படியென்றால் அந்த இரண்டு மாதமும் நீங்கள் பிழை தேடவில்லை. அடுக்களையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

போஞ்சிப் பாத்திக்குப் போய்த் தாளை அவரிடம் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், குடை எடுக்க வந்ததிலிருந்து. மண் ஒட்டிய கையோடு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா செத்த சேதிய நீயா தொறந்த?"

"ஆமாங்க."

"இத்தன வருஷமும் என் பக்கத்துலயே இருந்துக்கிட்டு?"

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார். இந்த வயதில் என்னை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன். போனாலும் நான் குறை சொல்ல முடியாது. புதன்கிழமை காலையில் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க கண்டாலும் அந்த மனுஷன்தான் மொதல்ல சுகம் கேட்டாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேன்" என்றார். "அப்பா அடக்கத்துக்கும் நான் இல்ல. இவரு அடக்கத்துக்கும் இல்ல. ரெண்டுக்கும் நீதான். வா, வீட்டையாச்சும் காட்டு."

முப்பது வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக உங்கள் வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். உங்கள் மகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க வாப்பா மேல ஒரு பிழையும் இல்ல தம்பி. நான்தான் தெரியாம இருந்துட்டேன்" என்றார். என் பேரைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். உங்கள் மனைவி என் தலையைத் தடவி, "அவருக்குத் தெரியும் புள்ள. எனக்கிட்டயும் செல்ல இல்ல, ஆனா தெரியும்" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் உங்கள் மகனோடு, உங்களை அடக்கிய மையவாடிக்குப் போய் வந்தார். அங்கே என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது பத்தடி முன்னால் நடந்தார். பாலத்தடியில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது, அதற்கு மேல் நான் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். நேற்று இரவுச் சாப்பாட்டின்போது, "அந்தத் தாள எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். தகரத்தில் என்றேன். சாவு சம்பந்தப்பட்ட காகிதம் வீட்டில் இருக்கக் கூடாது, கிழித்துவிடச் சொல்வார் என்று எழுந்தேன். "இருக்கட்டும்" என்றார்.

அதனால் அது இருக்கிறது, நானா. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு பின்னேரமும் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, ஆள் எதிரே நிற்பதைப் பார்த்துக்கொண்டே, குரல் வரட்டும் என்று காத்திருந்தீர்கள். ஊரார் பேருக்கெல்லாம் குரல் கொடுத்தவள், என் பேருக்குக் கொடுக்காமல் நின்றேன்.

இருக்கேங்க, நானா.